பிரேக் பிடித்தே பற்றரி நிரப்பியவன்

சென்ற ஞாயிறு மாலை எனக்கொரு பெரிய ஞானம் கிடைத்தது. வழங்கியவன் என் மனைவியின் தம்பி றிஸ்மி. கிண்ணியாவில் ஹைபிரிட் கார் ஓட்டுகிறான். டீவியில் கார்ப் பந்தயம் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான், பிரேக் புடிக்கிற நேரம் வீணாப் போற சக்தியை இந்தக் கார் பற்றரியில சேர்க்கும். பிறகு முந்துறதுக்கு அதையே எடுக்கும். என்ட காரிலயும் அதே வேலைதான்."

பந்தயத்துக்கு எதற்கு இந்தச் சிக்கனம்? சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்பதற்காக எரிபொருளை எரிக்கிறார்கள். கார்களை நாடு நாடாக விமானத்தில் ஏற்றுகிறார்கள். அத்தனையும் செய்துவிட்டு, பிரேக்கில் மிச்சம் பிடிக்கிறார்களாம்... அவனிடமே கேட்டேன்.

"உங்களுக்கு விளங்காது" என்றான்.

திங்கள் காலை விளங்கியது.

மனைவிக்குக் கண்ணில் வெண்புரை. அன்று பின்னேரம் கொழும்பில் டொக்டரிடம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள். தூரப் பயணம் காரில் போனால் அவளுக்கு வாந்தி வரும். அதனால் சீனக்குடாவில் ரயில் ஏறுவதாகத் திட்டம். ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விடுவது றிஸ்மியின் பொறுப்பு.

பாலம் தாண்டினோம். வெறும் வீதி. ஒரு மாடுகூடக் குறுக்கே இல்லை. ஆனால் கார் பாய்கிறது, நிற்கிறது... பாய்கிறது, நிற்கிறது.

"ஏன்டா நிப்பாட்டுற?"

"சார்ஜ் ஏறுது மச்சான்."

பந்தயக்காரன் வளைவு வருவதால் பிரேக் பிடிக்கிறான். எப்படியும் பிடித்தே ஆகவேண்டிய பிரேக். அதில் கொஞ்சம் திரும்பி வந்தால் லாபம்தான் — ஒப்புக்கொள்கிறேன். சேமிப்பதற்காகவே பிரேக் பிடிப்பவனை என்ன செய்வது?

சீனக்குடாவில் ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தோம். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. றிஸ்மி டாஷ்போர்டைப் பார்த்தான்.

"பற்றரி ஃபுல், ராத்தா" என்றான் தன் அக்காவிடம்.

அவள் மறுபடி பின் சீட்டில் ஏறினாள். வாந்திக்கு ஒரு பையை மடியில் விரித்துக்கொண்டாள்.

"கொழும்புக்கு விடு. இனிச் சும்மா பிரேக்கில கால் வெச்சா, கண் தெரியாட்டியும் நானே ஓட்டுவன்."

கந்தளாயில் எருமைக் கூட்டம் ஒன்று மறித்தது. அதற்கு மட்டும் அனுமதி வாங்கிப் பிரேக் பிடித்தான்.

ரயிலுக்கு முன்பே கொழும்பு போய்ச் சேர்ந்தோம். டொக்டரையும் கண்டோம். பந்தயக் காருக்கு என்ன பூட்டினால் வேகம் கூடும் என்று இனி என்னிடம் கேளுங்கள் — பின் சீட்டில் ஒரு ராத்தா!