சுண்ணாம்பில் ஊறிய சோளம்

என் சித்தப்பா ஏழு வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு உறையூருக்குத் திரும்பியபோது எனக்குப் பத்து வயது. மெக்சிகோ என்று ஒரு தேசம் இருப்பதாகவும், அங்கே ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி மூன்று மாதம் நின்றதாகவும் அவர் சொன்னதை நம்பியவள் வீட்டில் நான் ஒருத்திதான். அப்பா முழுக்கக் கேட்பார், கேட்டு முடித்ததும் சைக்கிள் கடையைத் திறக்கப் போய்விடுவார். அம்மாவுக்கோ அவர் கடல் தாண்டி வந்ததைவிட, முப்பது வயதாகியும் கல்யாணம் இல்லாமல் வந்ததுதான் பெரிய அதிசயம்.

மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தொல்லையே அதுதான். விருந்தாளி மாதிரி அவருக்கு முதலில் தனியாக இலை போட்டு, அவர் கைகழுவி எழுந்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவோம். நான் ஒற்றைக் குழந்தை, தனியாகச் சாப்பிட்டுப் பழகியவள். அவருக்கு அது பழகவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அடுப்படியைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

வேலைக்குத் திரும்பச் சொல்லி பம்பாயிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஒரு புதன்கிழமை, வையம்பட்டி சந்தைக்கு பஸ்ஸில் போய் ஒரு பை மக்காச்சோளத்தோடு வந்தவர் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

“பாப்பா, ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் டாக்கோ செஞ்சு போடப் போறேன். சோள ரொட்டி, உள்ளே பன்னிக்கறி. அடுப்பைச் சுத்தி உக்காந்து, சுடச்சுட எடுத்து எல்லாரும் ஒண்ணா சாப்பிடணும். அங்கே யாரும் அதைத் தனியா சாப்பிட மாட்டாங்க. இப்போ யாருகிட்டயும் சொல்லிடாதே.”

“சாப்பிட்டா?”

“கடுதாசிக்கு வரலைன்னு பதில் போட்டுட்டு இங்கயே இருந்துடுவேன்.”

“சாப்பிடலைன்னா?”

“யாரு சாப்பிடாம இருப்பாங்க?” என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. எங்கள் வீட்டுக்குப் பன்றிக்கறி புதிதில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, அதற்கென்றே வைத்திருக்கும் மண்சட்டியில் அம்மா சமைப்பாள். அப்பா அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பிடுவார்.

வீட்டில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வரட்டும் என்ற ஆசையில் வெள்ளிக்கிழமை காலையிலேயே இரண்டு தாளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு எழுத்துக்குக் கீழே ‘புரட்டாசி 1’ என்று போட்டிருந்தது.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட இருக்காது. பெருமாள் மாசம். கப்பலில் தமிழ் மாதம் ஏது, சித்தப்பா மறந்தே போயிருந்தார். சொன்னால் சமையலைத் தள்ளிப்போட்டுவிடுவார். ஒரு மாதம் என்பது அந்த வயதில் ஒரு யுகம். தாளை மெல்லக் கீழே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சோளத்தை வேகவைத்து, அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி மூடினார். சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிறு விடியும்போதே குளித்துவிட்டு அப்பாவும் அம்மாவும் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார்கள். வயிற்று வலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன்.

“மத்தியானச் சமையல் என்னுது அண்ணி. சீக்கிரம் வந்துடுங்க” என்றார் சித்தப்பா.

“சரிங்க தம்பி” என்றாள் அம்மா. ஏதோ காய்கறிதான் என்று நினைத்திருப்பாள்.

அவர் பொன்மலைச் சந்தைக்குப் போய்க் கறி வாங்கி வந்தார். மண்சட்டியில் அதன் கொழுப்பிலேயே அது வெந்து முறுகியது. சுண்ணாம்பில் ஊறித் தோல் கழன்றிருந்த சோளத்தைக் கழுவி அம்மியில் அரைத்து, வாழையிலையில் தட்டிப் பழைய கல்லில் போட்டு எடுத்தார். நான் வெங்காயம் நறுக்கினேன். ஒன்றே ஒன்று கேட்டேன். “எல்லாரும் வரட்டும் பாப்பா” என்றார். பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் தலை நிமிராமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

நெற்றியில் நாமமும் கையில் துளசியுமாக அவர்கள் உள்ளே நுழைந்தபோது வீடெல்லாம் கறி மணந்தது. அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

“இன்னைக்கு என்ன நாள்னு தெரியாதா?”

“ஞாயித்துக்கிழமை அண்ணே.”

“புரட்டாசி பொறந்திருக்கு.”

சித்தப்பா காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அதற்குக் கீழேதான் நான் நின்றிருந்தேன். தினமும் தாளைக் கிழிப்பது யார் என்று அவருக்குத் தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஐப்பசியில வச்சிருக்கலாமே தம்பி” என்றாள் அம்மா.

என்னைக் குளிக்கச் சொல்லி விரட்டினார்கள். ஈரத்தலையோடு கொல்லைக் கதவு இடுக்கில் பார்த்தேன். துணி போட்டு மூடிய ரொட்டி அடுக்கின் முன்னால் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்து, கறி வைத்து மடித்து, மெதுவாகச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்றை மடித்தார். அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, சாப்பிடாமல் அடுக்கின் மேலேயே வைத்தார். மீதி எல்லாவற்றையும் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பும்போது பாத்திரம் கழுவியிருந்தது.

திங்கட்கிழமை அவர் தபாலாபீஸுக்குப் போய்வந்தார். அந்த வாரமே பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. விருந்தாளி கிளம்பினால் வழிச்சோறு கட்டிக் கொடுப்பதுதானே வழக்கம், அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். அதன்பின் இரண்டு கடிதம் வந்தது, அவர் வரவில்லை.

தள்ளிப்போனால் என் பங்குக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது. தள்ளிப்போயிருந்தால் ஐப்பசி வரை அவர் வீட்டில் இருந்திருப்பார் என்று தோன்றவே இல்லை.

ஐப்பசி முதல் நாள் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா, “தம்பி இருந்தா இன்னைக்கு அந்த ரொட்டியைச் செய்யச் சொல்லலாம். உங்கப்பாவும் ரெண்டு தடவை கேட்டுட்டாரு” என்றாள்.