பிரெஞ்சு வைனும் அந்தோணி அண்ணனின் நாக்கும்

போன செவ்வாய்க்கிழமை காலை விடுதி அடுப்படியில் மிளகு வறுத்துக்கொண்டிருந்தபோது, லிந்துலையிலிருந்து அந்தோணி அண்ணனின் மகள் போன் பண்ணினாள். "அத்தை, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே." அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நோய்நொடியென்று ஒருநாள் படுத்ததில்லை, நல்ல சாவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அழுகைக்கு முன்னால் அவருடைய பேச்சுதான் ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பும் வந்தது.

உங்களில் பலருக்கு அவர் தேயிலை ஃபக்டரிக்காரர். தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கருக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்காகத் தேத்தண்ணி ருசி பார்த்தவர். குளிர்மலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை விடுதியாக்கியபோது மேசையில் பரிமாற வந்து சேர்ந்தார். அங்கே சமையல் நான்.

ஒருநாள் கொழும்பிலிருந்து பிரெஞ்சு சிவப்பு வைன் ஒரு பெட்டி வந்தது. மெனேஜர் ஒரு போத்தலைத் திறந்து எங்களையும் ருசி பார்க்கச் சொன்னார். மாதா கோயில் பூசையில் சுவாமியார் குடிப்பதைப் பார்த்ததோடு சரி, நாங்கள் எங்கே வைனைக் கண்டோம்? அண்ணன் மோந்து பார்த்தார். பிறகு ஃபக்டரியில் செய்கிற மாதிரியே, அறை முழுக்கக் கேட்க ஒரே உறிஞ்சாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்திலிருந்த பூச்சாடியில் துப்பிவிட்டார். மெனேஜரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பழக்கதோஷம் சேர்" என்றார் அண்ணன். பூச்சாடியைக் கழுவியது நான்.

ஆனால் துப்பிய கையோடு சொன்னார்: "சேர், இது குளிர்ல சுருண்டு கெடக்கு." அறைச் சூட்டில்தான் வைத்திருக்கிறோம் என்றார் மெனேஜர். "அவுங்க ஊரு ரூம் வேற, நம்ம ரூம் வேற சேர். இங்க குளிருக்குத் தேங்காயெண்ணெயே ஒறைஞ்சு போகுது." அன்றிலிருந்து விருந்துக்கு முன்னால் போத்தல் என் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் கொஞ்ச நேரம் இருக்கும். அதிகம் சூடேறிவிடாமல் அண்ணன் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

அந்த மாதம் என் வேலை ஆட்டம் கண்டிருந்தது. பிரான்சிலிருந்து சுற்றுலா ஆட்களை அனுப்புகிறவர்கள் இரண்டு பேர் சாப்பிட வரவிருந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கொழும்பிலிருந்து வேறு சமையல் ஆளைக் கொண்டுவருவேன் என்று மெனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என் வீட்டில் உழைக்கிற கை இது ஒன்றுதான். பயத்தில், எனக்குக் கைவந்த ஆட்டுக்கறியை வழக்கம்போல மிளகாய் தூக்கலாக வைத்துப் பார்த்தேன்.

அண்ணன் ஒரு துண்டு கறியும் ஒரு வாய் வைனும் எடுத்தார். "கறி நல்லாருக்கு தங்கச்சி, வைனும் நல்லாருக்கு. ஒண்ணா விட்டா மாமியா மருமக மாதிரி மல்லுக்கு நிக்குதுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "துப்புற ஆளு எனக்குச் சமைக்கச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கடுஞ்சாயத்தில், பால் விடாமல் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நாக்கு இழுத்துக்கொண்டது. அதிலேயே பால் விட்டுக் கொடுத்தார். "இப்ப துவர்ப்பு அடங்கிருச்சா? வைன்லயும் துவர்ப்புதாங்க. கொழுப்பு இருந்தா அடங்கும், மிளகாய் போட்டா சீறும். மிளகாய நிப்பாட்டிட்டு மிளகு போடுங்க. கொழுப்ப வெட்டி வீசாதீங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் செய்தேன். விருந்தாளிகள் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, இன்னொரு போத்தலும் கேட்டார்கள். மெனேஜர் அடுப்படிக்கே வந்தார். "இந்த வைனுக்கு இந்தக் கறின்னு யார் முடிவு செஞ்சது?" நான் வாயெடுப்பதற்குள், "ராணி தங்கச்சிதான் சேர். நான் தூக்கிட்டுப் போனதோட சரி" என்றார் அண்ணன். நான் மறுக்கவில்லை. கொழும்பு ஆளின் பேச்சு அதன்பிறகு எழவேயில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "எம் புள்ளைங்க தலையெடுத்துருச்சுங்க. அந்தப் பேரு எனக்கு வந்தா ஒரு சிரிப்பு. ஒங்களுக்கு வந்தா சோறு" என்று சொல்லிவிட்டு கிளாஸ்களைத் துடைக்கப் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் போன இடத்தில்கூட இரண்டு பேர் என் ஆட்டுக்கறியைப் புகழ்ந்தார்கள். அன்றும் வாய் திறக்காமல் நின்றேன், வெட்கமாக இருந்தது. அண்ணனை அறிந்தவர்களே, இப்போது சொல்கிறேன்: அந்தக் கறி அவருடையது. அவர் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அவர் மகள் கேட்டாள். தினமும் காலையில் போய் நிற்கிறேனே, அந்த அடுப்படியைத்தான் வைத்திருக்கிறேன்.