எட்டு வினாடி காலி இடம்

மனைவி தவறிய பத்தொன்பதாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘மிருகம் சார்’. நாய், குரங்கு, ஆடு, கிழட்டு யானை என்று திரையில் வாயைத் திறக்கும் எல்லாவற்றுக்கும் முப்பது வருடமாக அவர்தான் குரல். மனுஷ வசனம் இரண்டே முறை கிடைத்தது. இரண்டிலும் அடிவாங்கிச் சாகிறவன்.

“வீட்டுக்குள்ள வரும்போதாவது மனுஷனா வாங்க” என்பாள் மனைவி. அவர் கேட்டதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அன்றைக்கு எந்த மிருகமோ அந்தக் குரலில் கூப்பிடுவார். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். சமையலறைக் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. குழாயை மூடி, கையைத் துடைத்து, அதன் பிறகுதான் “வந்தாச்சா” என்பாள்.

இப்போது அவர் கூப்பிடுவதில்லை. திருடன் மாதிரி உள்ளே போய்விடுகிறார்.

துணைக்கு வந்து தங்கியிருந்த அக்காவுக்கு அவரைப் பற்றி ஒரே குறை. “ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியேடா நீ. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவன்தானே?” அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை. கால் மரத்துப்போனால் அது அங்கே இருப்பது தெரியும், நம்முடையது என்பது தெரியாது. உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அக்கா வைத்த சோற்றைச் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். அதுவும் அக்காவின் கணக்கில் ஒரு குற்றம்.

கூடத்தில் ஒரு புதுவேலை காத்திருந்தது. குழந்தைகளுக்கான பொம்மைப்படம். இருட்டுக் குகையில் வாழும் ஒரு ஜந்து. கண் கிடையாது, உருளைக்கிழங்குக்குக் காது முளைத்த மாதிரி இருக்கும்.

“அது பேசணும் சார். ஆனா நம்ம மொழி எதுவும் கூடாது. நீங்களே ஒண்ணு உண்டாக்கணும்” என்றாள் இயக்குநர். அவருடைய மகளாக இருக்கும் வயது அவளுக்கு. “அஞ்சே அசைதான். இதே ஜந்தைக் கடையில பொம்மையாவும் விக்கப்போறாங்க. அதுக்குள்ள இருக்கிற சிப்புல அஞ்சு சத்தம்தான் பிடிக்குமாம்.”

“அஞ்சு போதும். ஆட்டுக்கு ஒண்ணுதான்.”

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் கேக்கிறார் சார். படம் பாக்காம, காதால கேட்டாலே புரியணுமாம். புரியலன்னா கம்ப்யூட்டர் குரல் போட்டுக்கலாம்னு சொல்லிட்டார். இனிமே எல்லா மிருகத்துக்கும் அதானாம்.”

மோ, பி, லூ, க, ந. ஒரு பழைய நோட்டில் ஐந்தையும் எழுதினார். ‘லூ’ என்றால் தண்ணீர். ‘லூலூ’ என்றால் நிறையத் தண்ணீர், அதாவது வெள்ளம். ‘க’ என்றால் வேண்டாம். ‘பிந’ பசி, ‘கபிந’ வயிறு நிறைந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு விதி எழுதியிருந்தார்: கண் இல்லாததால் இவை ஓயாமல் கூப்பிட்டுக்கொள்ளும். ஒன்று ‘மோபி’ என்றால் மற்றது ‘பிமோ’ என்று பதில் தர வேண்டும். இருக்கிறாயா, இருக்கிறேன்.

இரண்டே நாளில் எல்லாக் காட்சியும் முடிந்தது, ஒன்றைத் தவிர. வெள்ளத்தில் தாய் செத்துப்போகிறது. குட்டி அதைச் சொல்ல வேண்டும்.

ஐந்து அசைகளையும் எப்படிக் குலுக்கிப் போட்டாலும் அது தூக்கம் மாதிரியோ பசி மாதிரியோதான் ஒலித்தது. “அந்த வார்த்தை இந்த மொழியில இல்லம்மா” என்றார்.

“உண்டாக்குங்க சார். உங்க மொழிதானே?”

அவர் நோட்டின் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டிக்குக் கண் இல்லை. தாய் கிடப்பது அதற்குத் தெரியாது. பதில் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அவர் பதிவறைக்குள் போய் ‘மோபி’ என்று கூப்பிட்டார். நிறுத்தினார். கூப்பிட்டார். நிறுத்தினார். மூன்று முறை. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைக் காட்டினான்.

வியாழக்கிழமை சோதித்துப் பார்த்தார்கள். கணக்குப் பார்க்கும் அம்மாளையும் வாசல் காவலாளியையும் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லிப் போட்டுக் காட்டினார்கள்.

“கண்ணாமூச்சி ஆடுதா?” என்றாள் கணக்கம்மா.

“சோத்துக்கு அலறுதுங்க. எம் பேரன் இப்படித்தான்” என்றான் காவலாளி.

இயக்குநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். மோபிமோபிமோபி. வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடியது.

“நடுவுல இருந்தது எங்கப்பா?”

“நடுவுல ஒண்ணுமே இல்லியேண்ணே” என்றான் ஒலிப்பதிவாளர். “வெறும் காலி. எல்லாருக்கும் வெட்டுற மாதிரி வெட்டிட்டேன். பதினஞ்சு வருஷமா அதானே பொழப்பு.”

“அதுதான் வசனம்.”

அவன் இயக்குநரைப் பார்த்தான். அவள் அவரைப் பார்த்தாள்.

“சரி, திரும்ப எடுப்போம். எவ்வளவு காலியா விடணும்ணே?”

“எட்டு வினாடி.”

“எட்டா? டிவி கெட்டுப்போச்சுன்னு எழுந்து வந்து தலையில தட்டுவாங்கண்ணே. ரெண்டு விடுறேன்.”

“ரெண்டுல குழாயக்கூட மூட முடியாது” என்றார். எந்தக் குழாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுபடி பதிவறை. கூப்பிட்டார். குழாய் மூடுகிற நேரம். சேலைத் தலைப்பில் கை துடைக்கிற நேரம். ஒன்றும் வரவில்லை. மீண்டும் கூப்பிட்டார். தலை தானாகக் கதவுப்பக்கம் சாய்ந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரலில் குட்டி இல்லை, ஜந்து இல்லை. வாழ்நாளில் அவர் ஒலிவாங்கிக்குக் கொடுக்காத ஒரு சாதாரண ஆளின் குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இரண்டு கையையும் பொத்தான்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

திரும்பவும் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் போட்டார்கள். முதல் இடைவெளியில் காவலாளி கண்ணைத் திறந்துவிட்டான். கணக்கம்மா திறக்கவில்லை. மூன்றாவது இடைவெளி பாதியில் இருக்கும்போது, “யாராவது பதில் சொல்லுங்களேன்” என்றாள்.

இயக்குநர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். “நாளைக்கு வரைக்கும் வேண்டாம், இப்பவே அனுப்புறேன். கேளுங்க” என்று தயாரிப்பாளரிடம் அவள் சொல்வது கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார். கூப்பிடவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. இன்னொரு செருப்போடு அங்கேயே நின்றார். எட்டு வினாடி.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தாமலே அக்கா கத்தினாள். “யாரு, நீயா? ஏண்டா வாசல்லயே நிக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா. செருப்பு.”

இன்னொன்றையும் கழற்றிவிட்டு உள்ளே போனார்.