டெல்லியில் தீ வைத்த பிறகு

நேரு இறந்த அன்று நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருவர் கிணற்றுக்குள் தூர் வாரிக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் பாதிச் சவரத்தில் எழுந்து ஓடினாராம். என் அம்மா அன்னக்கிளியைக் கேட்டால் ஒரே பதில்தான்: "எழவு வீட்டுல இருந்தேன். அங்கனதான் எம் மகளுக்குக் கலியாணமும் பண்ணுனேன்." மகள் நான்தான், புஷ்பவள்ளி. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அதில் பொய் கிடையாது.

அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் வானம் பார்த்த நிலம், ஒரு ஜோடி மாடு. அதற்கு மேல் சொத்து என்றால் அம்மாவின் தொண்டைதான். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அம்மா போய் ஒப்பாரியில் முதல் வரி எடுக்க வேண்டும். அப்புறம்தான் மற்ற பெண்களுக்கு அழுகையே வரும். சும்மா பேசினாலே ஊருணிக்கரை வரைக்கும் கேட்கும். அப்பா வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவாள்.

அறுபத்து நாலாம் வருஷம் வைகாசி, வியாழக்கிழமை காலையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மருது சாக்கோட்டைக்காரர், பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து மறுநாள் காலை காரைக்குடியில் ரயிலேற வேண்டும். புதன்கிழமை மத்தியானம் பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. பஞ்சாயத்து ரேடியோவைத் திருப்பினால் உண்மைதான். கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஊர் கூடுகிற மந்தை எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். பொழுது சாய்வதற்குள் அங்கே ஒரு நாற்காலி போட்டு, நேரு படத்தை வைத்து, மாலையும் சார்த்திவிட்டார்கள். பெண்கள் கூடிவிட்டார்கள். முதல் வரி எடுக்க மட்டும் ஆள் இல்லை. அம்மாவைக் கூப்பிட வந்தார்கள்.

"பந்தக்கால் ஊனியாச்சுடி. இனிமே நான் எழவுக்கு வாசப்படி தாண்டக்கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் எம் மகளுக்குல்ல ஆகாது? நீங்களே அழுங்கடி."

சொல்லிவிட்டு உள்ளே வந்து தேங்காய் துருவினாள். பல்லைக் கடித்துக்கொண்டு துருவினாள். மூன்று கல்யாணத்துக்குக் காணும்.

விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். கூடவே ஊர்த் தலைவர், அம்பலகாரர் வீரையாவும் வந்தார்.

"அன்னக்கிளி, ஊருக்குள்ள பொணம் கெடக்கையில தாலி கட்டுற வழக்கம் நமக்கு இல்லையே ஆத்தா."

என் மாமனார் தங்கச்சாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா பேசுறீக? பொணம் டெல்லியில கெடக்கு! டெல்லி எங்குட்டு, ஒங்க ஊரு எங்குட்டு?"

"நாடே ஒரு வீடுன்னு ஆகிப்போச்சுல்ல. அப்ப எழவு நமக்கும்தான்" என்றார் அம்பலகாரர். அவர் சொல்லை மீறித் தாலி கட்டினால் ஊரில் ஒருவர்கூடப் பந்தியில் உட்கார மாட்டார்.

"அப்பச் சரி. இன்னைக்கு விட்டா அடுத்த லீவு எப்பன்னு எம் மகனுக்கே தெரியாது. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்று மாமனார் செருப்பை மாட்டினார்.

நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவையே எனக்குப் போதுமாக இருந்தது. வேறு இடமாம், பெரிய வேறு இடம்!

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். சம்பந்தி பக்கம்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, செருப்பக் கழட்டுங்க. அம்பலகாரரு சொல்றதுதான் ஞாயம். நம்ம வீட்டுப் பெரியவருன்னு நேத்து ஒங்க ஊருலயும் மாரடிச்சு அழுதீகள்ல? ஒரு ராத்திரியில அது டெல்லிப் பொணமாப் போச்சா?"

அம்மா அம்பலகாரர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, பொணம் கெடக்கையிலதான கட்டக்கூடாது? எடுத்துத் தீ வச்ச பெறகு?"

"தலை முழுகிட்டுக் கட்டலாம். அதுக்கு என்ன தடை?"

"இன்னைக்கே எடுக்குறாகளாம், ரேடியோவுல சொல்லிட்டாக. தீ வைக்கட்டும். ஊரே முழுகுவோம். அந்தியில வெளக்கேத்துற நேரத்துக்குக் கட்டிப்புடுவோம்."

"முகூர்த்தம்?" என்றார் மாமனார்.

"வெளக்கேத்துற நேரத்தவிட நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்துல இருக்குண்ணே? மாப்ள விடிஞ்சுதான ரயிலேறணும்?"

மாமனார் செருப்பைக் கழற்றினார்.

சாவு எடுக்கும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் நீராகாரத்தைக் குடித்துவிட்டு மந்தையில் உட்கார்ந்தார்கள். ரேடியோவில் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பட்டாளத்தில் இந்தி பேசிப் பழகிய மாப்பிள்ளைதான் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். "வண்டி கெளம்பிருச்சு. ரோடு கொள்ளாத சனமாம்." என் கல்யாணத்தன்று என் மாப்பிள்ளையின் குரலை ஊரே கேட்டது, நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வெயில் தாழ்ந்தபோது சட்டென்று காலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். "தீ வச்சுட்டாக" என்றார்.

எல்லோரும் ஊருணிக்குப் போனோம். வைகாசி ஊருணியில் முழங்கால் தண்ணீர்தான். உட்கார்ந்துதான் முழுக வேண்டும். மாமனார் சேற்றில் வழுக்கி விழுந்தார். "டெல்லி எங்குட்டுண்ணே இருக்கு?" என்று அம்மா இந்தக் கரையிலிருந்து கேட்டாள். முதலில் சிரித்தவர் அவர்தான்.

விளக்கேற்றியதும் தாலி கட்டினார்கள். மேளம் வேண்டாம் என்று ஊர் முடிவு. அம்மா ஒருத்தி குலவை போட்டாள். பத்து மேளத்துக்குச் சமம். சாப்பாட்டில் எதை எடுத்தாலும் தேங்காய்.

என்னை வண்டியேற்றிவிட்டு, அம்மா சிரித்த முகம் மாறாமல் நின்றாள். வண்டி ஊரெல்லை தாண்டியதும் பின்னாலிருந்து ஒப்பாரி கேட்டது. அந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா? "பாவம், ஒங்காத்தா ஒன்னய நெனச்சு அழுகுறா" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்து வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்த நான் வாசலிலேயே கேட்டேன். "எனக்காகவா ஆத்தா அப்படி அழுத?"

"போடி கூறுகெட்டவளே. சாக்கோட்டை என்ன சீமையிலயா இருக்கு? ஒரு வாரம் தாங்கல, இந்தா வந்து நிக்கிற. போனவரு வருவாரா?"