சிடிக்குள் ஏறிய செவலை மாடு

ங்ங்ஙொய்ய்ய்ங்...

ஒரு ஹெலிகாப்டர் என் மேசைக்கு அடியில் இறங்கப் பார்த்து, இடம் பத்தாமல் திரும்பிப் போகிற மாதிரி ஒரு சத்தம். மலை மேல் சோளக்காடு என்ற ஊரில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தபோது சிடி ரைட்டர் ஓடிய சத்தம் அது. அந்த அதிர்விலேயே சந்தைக்கு வந்த பலா அத்தனையும் பழுத்துவிடும். நம்பினால் நம்புங்கள்.

ஆரம்பத்தில் சிடி எழுதுவது ஒரு யாகம். எல்லா ஃபைலையும் மொத்தமாக அடுக்கி, பட்டனை அமுக்கி, மூச்சைப் பிடித்து உட்கார வேண்டும். மவுஸ் அசைந்தால் போச்சு. யாராவது தும்மினால் போச்சு. அப்படிப் பாழான சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டே குண்டனி நாட்டுச் சாமைக் காடு முழுக்கக் குருவி விரட்டியிருக்கிறோம். எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர்.

பிறகுதான் அந்த மகாராஜா சாஃப்ட்வேர் வந்து இறங்கியது...

ஃபைலைப் பிடித்து இழுத்து சிடி மேல் போட்டால் போதும். ஃப்ளாப்பியில் போடுவதுபோல போய் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. வேண்டாததை அழித்துக்கொள்ளலாம். முதல் நாள் நான் எழுந்து நின்று அதற்கு ஒரு சல்யூட் வைத்தேன்.

ஒரே ஒரு நிபந்தனைதான். அந்த சிடி வேறு கம்ப்யூட்டரில் ஓட வேண்டுமானால், வெளியே எடுக்கும் முன் அதை "மூட" வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை தட்டைப் பூட்டிக்கொண்டு திறக்கவே விடாது.

ஒருநாள் காலை குண்டூர் நாட்டுப் பொன்னுசாமி ஓடி வந்தான். காணாமல் போன அவன் செவலைப் பசுவை இருபது நாளாக மலை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம். வீட்டில் பாலுக்கு இருந்த ஒரே மாடு, அதுவும் சினை.

"ஏனுங்ணா, செவலை அடிவாரத்துல இருக்குதுங்க! ஒரு யாவாரி சந்தையில வாங்குனேங்கறாருங்க. அஞ்சு மணிக்குள்ள உன் மாடுன்னு காட்டு, இல்லீன்னா அவரு ஓட்டிக்கிட்டுப் போகட்டும்ங்கறாரு ஏட்டய்யா."

மாட்டுக்கு ஏது அத்தாட்சி? ஆனால் அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவன் நான். கம்ப்யூட்டரைத் திறந்தால் மாப்பிள்ளை ஐந்து படத்தில் கண்ணை மூடியிருக்கிறார், செவலையோ பதினொரு படத்தில் கேமராவைப் பார்த்து நிற்கிறது! பிரிண்ட் போட நாமக்கல் போக வேண்டும், இரண்டு நாள் ஆகும். அடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் இருந்தது. சிடிதான் வழி.

பதினொன்றையும் இழுத்துப் போட்டேன். மூடச் சொன்னேன். ங்ங்ஙொய்ய்ய்ங்... வெளியே பஸ் ஹாரன்.

"போட்டோக்காரரே, வாரீங்களா, நான் போகட்டுங்களா?" டிரைவர்.

"மூடட்டுங்ணா, அவசரப்படாதீங்க" என்றான் பொன்னுசாமி.

நான் கேட்பேனா? பத்து நிமிடம் காத்திருக்க எனக்கென்ன பைத்தியமா? டிரைவின் முகத்தில் ஒரு குட்டி ஓட்டை இருக்கும். அதில் குண்டூசியை விட்டு ஒரு குத்து. தட்டு வெளியே வந்தது. ஏழு கடல் தாண்டி மாணிக்கம் எடுத்தவன்போல சிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டேஷனில் ஏட்டய்யா சிடியைப் போட்டார். பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"என்னங்க இது, காலி சிடியைக் கொண்டாந்திருக்கீங்க?"

வியாபாரி சிரித்தார். "மாடு சிடியில இருந்து எறங்கி மேயப் போயிருச்சாட்ட இருக்குதுங்க!"

பொன்னுசாமி சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. வெளியே வேப்ப மரத்தடியில் கட்டியிருந்த செவலையிடம் போய் அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சிடியை எடுத்துக்கொண்டு மேலே போகிற ஒரு லாரியில் தொற்றிக்கொண்டேன். மற்ற நாளில் எழுபது கொண்டை ஊசி வளைவு, அன்றைக்கு ஏழாயிரம். ஸ்டுடியோவைத் திறந்து சிடியை உள்ளே தள்ளினேன். புதிதாக எழுத வேறு காலி சிடி கைவசம் இல்லை. ஊசியால் குத்தியவனிடம் அது ஏன் பேச வேண்டும்?

பேசியதே, ஐயா!

அந்த மகாராஜா சாஃப்ட்வேர், வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாத தன் கையெழுத்தைத் தானே அடையாளம் கண்டுகொண்டது. "போன முறை பாதியில் நின்றுவிட்டது, மூடட்டுமா?" என்று கேட்டது. மனுசனாக இருந்தால் முதலில் நாலு வார்த்தை கேட்டிருப்பான். பதினொரு படமும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். மூடி முடித்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜீப் பிடித்தேன்.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது அஞ்சு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒன்பதாவது படம். மணப்பெண்ணுக்குப் பின்னால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பாதி உடைந்த இடது கொம்பு, பந்தல் வாழையை மென்றபடி செவலை. ஏட்டய்யா படத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாக மாட்டைப் பார்த்தார். வியாபாரியும் பார்த்தார்.

"அதேதானுங்க... எனக்கு வித்த தரகன்கிட்ட நான் பேசிக்கறேன். ஓட்டிக்கிட்டுப் போ சாமி" என்றார். நல்ல மனுசன்.

அதற்கப்புறம் குண்டூர் நாட்டில் கன்று பிறந்தால் முதலில் என் ஸ்டுடியோவுக்குத்தான் ஓட்டி வந்தார்கள். மாடுகளுக்கென்றே ஒரு சிடி. ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் மூடினேன்...

இப்போது மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை, அதில் நம்பர். போட்டோ எடுத்த கையோடு எங்கோ மேகத்துக்குப் போய்விடுகிறதாம். சத்தமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அதுவும் பெரிய வித்தைதான், ஒத்துக்கொள்கிறேன்.

போன மாதம் பொன்னுசாமி ஒரு கன்றோடு வந்தான். தலை நரைத்துவிட்டது. ஃபோனில் ஒரே தட்டு, படம் எடுத்தாகிவிட்டது. அவன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மூடட்டுங்ணா. நான் இருக்கறேன்."

இப்போதெல்லாம் மூடுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

"ஆமா பொன்னுசாமி, எப்படியும் பத்து நிமிசம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு டீ சொல்லப் போனேன்.