தூண் கேட்ட விலை

சின்ன வெங்காயத்தை ஏலம் கூறுவதில் அழகுராஜாவை மிஞ்சத் திண்டுக்கல்லில் ஆள் இல்லை என்று அழகுராஜாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

முருகேசன் கமிஷன் மண்டியில் அவருக்குப் பதினான்கு வருஷம். மூட்டை மேல் ஏறி நின்றால் குரல் தெருமுனை வரை போகும். ஆனால் அவருடைய உண்மையான திறமை குரலில் இல்லை. கடையின் பின்பக்கம் நின்ற இரும்புத் தூணில் இருந்தது. வியாபாரிகள் கிலோ நாற்பதோடு வாயை மூடிக்கொண்டால், கூட்டத்துக்குப் பின்னால் யாரோ விரல் காட்டியதுபோலத் தூணைப் பார்த்துத் தலையாட்டி, "நாப்பத்திரெண்டு" என்பார். அதற்கு மேல் யாராவது நாற்பத்து மூன்று கேட்பார்கள். கேட்காவிட்டால் சரக்கு தூணுக்கே விழுந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அதனால் தூண் கேட்டிருக்கும்போது மட்டும் ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே ஒரு நீண்ட மூச்சு விடுவார். அந்த மூச்சின் அர்த்தம் தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

சம்பளம் பதினெட்டாயிரம். மகள் தமிழ்மதிக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்கு மாதம் நாலாயிரம். அது முடியாதென்றால் சித்தையன்கோட்டை வீட்டிலிருந்து செம்பட்டி வழியாகத் தினமும் மூன்று பஸ் மாறிப் போய்வர வேண்டும். ஹாஸ்டலுக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

இந்தச் சமயத்தில்தான் எதிர்மண்டி கிறிஸ்துராஜ் டீக்கடையில் வைத்துக் கேட்டார். "நம்ம கடைக்கு வந்துரு அழகு. இருபத்தொண்ணு தாரேன்."

ஹாஸ்டலுக்கு இன்னும் ஆயிரம் குறைந்தது. இந்தக் கேள்வியைத் தன் முதலாளியிடம் சொன்னால் இருபத்திரண்டுக்கு ஏறுவார் என்று கணக்குப் போட்டார் அழகுராஜா. இருபத்தொன்று என்று உள்ளதை உள்ளபடி சொல்லப் பழக்கதோஷம் விடவில்லை. சனிக்கிழமை காலை முருகேசன் முன்னால் நின்று, "கிறிஸ்துராஜ் கடையில கூப்புடுறாக மொதலாளி. இருபத்தஞ்சு" என்றார்.

முருகேசன் வடையைத் தின்று முடித்து, காகிதத்தில் கையைத் துடைத்தார். "அப்படியா? வா" என்று எழுந்து நேராக ஏலக் களத்துக்குப் போனார். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக முதலாளியே மூட்டை மேல் ஏறினார்.

"இன்னைக்கு மொத சரக்கு நம்ம அழகுராஜா. கிறிஸ்துராஜ் இருபத்தஞ்சாயிரம் கேட்டிருக்காக. மேல கேக்குறவக கேளுங்க."

"தோல உரிச்சுப் பாத்தியளா?" என்றார் வியாபாரி சேக் பரீது. "மேல பளபளன்னுதான் இருக்கும்."

"பழைய சரக்கு பாய். முளை விட்டிருக்கும்" என்றார் கருப்புசாமி. எரியோட்டில் தான் விளைவித்த வெங்காயத்தைப் பன்னிரண்டு மூட்டை கொண்டுவந்து காத்திருந்த சம்சாரி அவர்.

"இருபத்தஞ்சு, ஒரு தரம்" என்றார் முருகேசன். "ரெண்டு தரம்."

அதன்பிறகு ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

களம் முழுவதும் திரும்பி இரும்புத் தூணைப் பார்த்துச் சிரித்தது. அழகுராஜாவுக்குக் காது சுட்டது. மூணு தரம் சொல்லிவிட்டால், தன்னைக் கிறிஸ்துராஜ் தராத விலைக்கு அவர் தலையிலேயே கட்டியதாக ஆகிவிடும்.

"மொதலாளி, அது தூண் கேட்டது."

"தெரியும்லே. மனுசன் கேட்டது எம்புட்டு?"

"இருபத்தொண்ணு."

"நான் இருபத்தொண்ணேகால். ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்." இதில் மூச்சே இல்லை.

எழுநூற்றைம்பதுதான் குறைந்தது. டீயைக் குறைத்தால் ஹாஸ்டல் சரியாகிவிடும். அழகுராஜா கும்பிடக் கை தூக்கியபோது முருகேசன் துண்டுச்சீட்டை எடுத்தார்.

"வித்தவன் கமிஷன் தரணும்ல. நூத்துக்குப் பத்து, மாசாமாசம்."

"மொதலாளி, சம்பளத்துக்குப் போயி..."

"மண்டி வழக்கம்னு நீதான தெனமும் சம்சாரிககிட்ட சொல்லுவ?"

"போன வாரம் எங்கிட்டச் சொன்னாரு" என்றார் கருப்புசாமி. "இறக்குகூலிய விட்டுட்டியளே மொதலாளி."

"நல்லவேளை ஞாபகப்படுத்துன" என்று முருகேசன் அதற்கும் ஒரு நூறு எழுதினார். கைக்கு நின்றது பத்தொன்பதாயிரத்து இருபத்தைந்து.

அடுத்த சரக்கு கருப்புசாமியுடையது. நாற்பதில் ஏலம் நின்றதும் அழகுராஜா வழக்கம்போலத் தூண் பக்கம் திரும்பினார். களமும் கூடவே திரும்பியது. அவர் தலையாட்டவில்லை. வெங்காயம் நாற்பதுக்கே விழுந்தது. கருப்புசாமியின் சிரிப்பு அதோடு நின்றது.

மத்தியானம் அழகுராஜா கிறிஸ்துராஜுக்குப் போன் போட்டு, அந்த இருபத்தொன்றுக்கே வருவதாகச் சொன்னார்.

"கேள்விப்பட்டேன் அழகு. மூணுதரம் சொல்லி ஒருத்தர் எடுத்த சரக்க நான் மறுபடி கேட்டா, நாளைக்கு எங்கடை ஏலத்த எவன் மதிப்பான்?" என்று கிறிஸ்துராஜ் வருத்தத்தோடு போனை வைத்தார்.

வீட்டில் ஒச்சம்மாள் சோறு போட்டு, பக்கத்தில் வெஞ்சனத்தை வைத்தாள். "மொதலாளி என்ன சொன்னாரு?"

"பெரிய போட்டி. கடைசியில இருபத்தொண்ணேகாலுக்கு எடுத்தாரு."

ஒச்சம்மாளின் அப்பா முப்பது வருஷம் மண்டிக்கு வெங்காயம் போட்டவர். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"விழுந்த விலைய யாரு கேட்டா? கைக்கு எம்புட்டு?"

அழகுராஜா நிமிர்ந்து அவளுக்குப் பின்னால் பார்த்தார். வெறும் சுவர்தான் இருந்தது.

"பத்தொம்பது."

ஒச்சம்மாள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "தமிழு, செம்பட்டிக்கு மொத பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டு வை."