மரப் பிடங்கு, பிளாஸ்ரிக் பிடங்கு, வதனா

வேட்டைத் துவக்குக் கடையில் வேலை செய்கிறவனிடம் ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்பது ஒரே கேள்விதான்: மரமா, பிளாஸ்ரிக்கா?

கேட்பது நாங்கள் துவக்கு என்கிற துப்பாக்கியின் பிடங்கைப் பற்றி. தோளில் அண்டக் கொடுத்து, கன்னத்தைச் சாய்த்து, கையால் தாங்கிப் பிடிக்கிற பகுதி. இரும்புக் குழாயைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. சண்டை எல்லாம் அதைத் தாங்குகிற கட்டையில்தான். தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே, மார்க்கம் நகருக்குத் திரும்பும் தெருவில் இருந்த ஒரு கடையில் ஆறு வருடம் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்துக் கால் வீங்கியவர்களே, 'யோசித்துவிட்டு வருகிறேன்' என்று போன வாடிக்கையாளரை நம்பி வாசலைப் பார்த்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

தோள் சொன்ன பதில்

யாழ்ப்பாணத்தில் நான் சங்கக்கடை மனேச்சர். கூப்பன் அரிசியில் எது நல்லது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாளைக்கு வா. ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, இந்தக் கடையின் பின்பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மன்னார்க்காரர் ஜோசப் அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டார். மூன்று மாதம் பெட்டி தூக்கியபின் முதலாளி கென் என்னை முன்மேசைக்கு மாற்றினார். கையில் இரண்டு பிடங்குகளைத் தந்து, "கேட்டால் விளங்கப்படுத்து" என்றார். எனக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை.

முதல் ஆளே மலை மாதிரி வந்து நின்றார். "இரண்டில் எது தோளைக் கூட நோகப்பண்ணும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "மரம்தான். எனக்கு அடி விழுந்ததெல்லாம் மரத்தால்தான்" என்று சொல்லிவிட்டேன். உண்மையும் அதுதான். ஊரில் இரண்டு தடவை வீதிச் சோதனையில் ஆமிக்காரரின் துவக்குப் பிடங்கால் வாங்கியிருக்கிறேன். இரண்டும் இடது தோளில். மனுசன் என் முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், பிளாஸ்ரிக்கை வாங்கிக்கொண்டு போனார்.

முதல் வியாபாரம் என்ற சந்தோசத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற என்னைக் கென் கூப்பிட்டார். பிளாஸ்ரிக் எடை குறைவு, எடை குறைந்த துவக்குத்தான் வெடிக்கும்போது தோளில் கூட உதைக்கும் என்று சொல்லித்தந்தார். பிறகு என் தோளில் மெல்லத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நீ பிடங்கின் மற்றப் பக்கத்தில் நின்றவன். இனி இந்தப் பக்கத்தில் நின்று பழகு."

மரக்கடை

கலியாணம் முடித்து நாலாம் மாதம் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். வதனா கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எனக்கு இங்கே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் கிடைத்ததும் அவளைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இனி விசா அதிகாரி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் லொட்ஜ். லொட்ஜ் என்றால் பொலிசும் ஆமியும் நினைத்த நேரம் சோதனைக்கு வருவார்கள். பெட்டி கிண்டுவார்கள், கடிதம் வாசிப்பார்கள், சிலரை ஏற்றிக்கொண்டும் போவார்கள்.

எனக்கு என்ன வேலை என்று அவள் கேட்டு எழுதியபோது பேனையைப் பிடித்த கை அப்படியே நின்றது. புருசன் கனடாவில் துவக்கு விற்கிறான் என்று ஒரு தமிழ்ப் பெண்ணின் பெட்டிக்குள் கடிதம் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜோசப் அண்ணையிடம் யோசனை கேட்டேன். "மரக்கடை எண்டு எழுதும் தம்பி. அரைவாசி உண்மைதானே" என்றார். அப்படியே எழுதினேன்.

அதற்குப் பிறகு கடிதமெல்லாம் மரம்தான். வால்நட் என்று ஒரு மரம், எண்ணெய் பூசித் தேய்க்கத் தேய்க்க ரேகை எழும்பி வரும். மழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்து ஊதும், பனிக்குச் சுருங்கும். குளிரிலும் கன்னம் வைத்தால் சுடாமல் குளிராமல் இதமாக இருக்கும். எழுதும்போது அவளும் பக்கத்தில் நின்று தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும். கடையில் நான் வால்நட் பிடங்குக்கு எண்ணெய் பூசுகிறதை ஜோசப் அண்ணை படம் பிடித்தார்; குழாய் இல்லாத வெறும் பிடங்கு, பயமில்லை என்று அதையும் அனுப்பினேன். பதில் வந்தது: "படத்திலை மெலிஞ்சு போனியள். அவ்வளவு நல்ல மரமெண்டா நான் வாறதுக்குள்ளை எனக்கொரு அலுமாரி செய்து வையுங்கோ."

விட்பிக்காரர்

விட்பியில் இருந்து ஒருவர் சனிக்கிழமைகளில் வருவார். பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வால்நட் பிடங்கில் மனுசனுக்கு ஆசை விழுந்துவிட்டது. எடுப்பார், தோளில் வைப்பார், கன்னத்தைச் சாய்ப்பார், வைத்துவிடுவார். பிறகு என்னிடம் கணக்குப் பேசுவார். தான் போகிறது சதுப்புக் காடு. மரம் ஈரத்துக்கு ஊதினால் குழாயை நெரிக்கும், குறி தவறும். பிளாஸ்ரிக் நனைந்தாலும் உறைந்தாலும் அசையாது. எல்லாம் சரி என்று நானும் தலையாட்டுவேன். நாலாவது சனிக்கிழமை புத்திசாலித்தனமாகப் பிளாஸ்ரிக்கை வாங்கிக்கொண்டு போனார். ஆள் இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். நேராக அந்த வால்நட்டிடம் போய் நின்றார். ஏதும் பிழையா, மாற்றித் தரவா என்று கேட்டேன். இல்லை என்றார். கென் அவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையைச் சுரண்டி லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தால், பாதி நாட்களில் வதனாவைக் கூப்பிட முதலே லைன் அறுந்துவிடும். மனேச்சர் "ஓம், அவ இருக்கிறா" என்று சொல்வது மட்டும் கேட்கும். அந்த ஒரு வார்த்தையில் அடுத்த ஞாயிறுவரை வேலை செய்துவிடுவேன். ஆகவே அந்த மனுசன் சொன்னது கடையில் எனக்கு மட்டும்தான் சரியாக விளங்கியது: "வாங்க வரவில்லை. இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்தேன்."

நேர்முகம்

விண்ணப்பம் போட்டு மூன்றாவது வருடம் நேர்முகம் வந்தது. அன்றைக்குக் கடையில் நான் பிடங்குக்குப் பூசவேண்டிய எண்ணெயைத் தேநீருக்குள் ஊற்றப் பார்த்தேன். வேலை முடிய நேரே ஜோசப் அண்ணையின் பிக்கரிங் வீட்டுக்குப் போய் அங்கிருந்து ரெலிபோன் எடுத்தேன். வதனாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. அதிகாரி நல்ல மனுசன்தானாம், மரியாதையாகத்தான் கேட்டாராம். 'உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?' மரவேலை என்று சொன்னாளாம். அவர் கோப்பைப் புரட்டி, துவக்குக் கடை என்று கென் தந்த வேலைக் கடிதத்தைப் பார்த்தாராம். 'நிச்சயமா?' என்று திரும்பக் கேட்டாராம். நிச்சயம் என்றாளாம். அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டினாளாம். புருசனின் தொழிலே தெரியாத மனைவி, இது உண்மையான கலியாணமா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. விசா இல்லை. மூன்று மாதத்துக்குள் விளக்கமும் ஆதாரமும் அனுப்ப வேண்டும்.

நான்தான் பொய் எழுதினேன், உமக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அழாக்குறையாகச் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றாள். படம் வந்த அன்றே தெரியுமாம். சோதனைக்கு வருகிறவர்கள் லொட்ஜ் கதவை இடிப்பது அந்த மாதிரிப் பிடங்கால்தான். கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். கடவுளே, அலுமாரி கேட்டு எழுதியது அதற்குப் பிறகா என்று எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் அதிகாரியிடம் ஏன் சொல்லவில்லை, அவர் இரண்டாம் தரமும் கேட்டாரே என்று கத்திவிட்டேன். வதனா கத்தவில்லை. "நீங்கள் மறைக்கிறியள் எண்டா அதுக்கொரு காரணம் இருக்கும் எண்டு நானும் மறைச்சன். பொய்யை எழுதினது நீங்கள், காப்பாத்தினது நான்."

மொழிபெயர்த்த அன்ரி

ஆதாரம் என்றால் கடிதங்கள்தான். அவள் எழுதியவை என்னிடம், நான் எழுதியவை அவளிடம். அவள் தன்னிடம் இருந்ததைப் பார்சலாக அனுப்பினாள், ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டையும் சேர்த்து, பிளாஸ்ரிக் பிடங்கு வந்த ஒரு நீளப் பெட்டிக்குள் அடுக்கி, ஸ்காபரோவில் மொழிபெயர்ப்புச் செய்கிற ஒரு அன்ரியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசிக்கத் தொடங்கினார். முன்னால் கதிரையில் நான் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி இருந்தேன்.

பத்துக் கடிதம் வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, கலியாணம் உண்மையெண்டு காட்டவெல்லோ இதைக் கொண்டந்தனீர்? இதிலை அன்பே ஆசையே எண்டு ஒரு சொல்லும் இல்லையே. முழுக்க மரம்!" எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்பைப் பற்றி எழுதினால் அதையும் யாரோ சோதனைக்காரன் சத்தமாக வாசிப்பானே, அவளுக்கு வெட்கக்கேடாய்ப் போகுமே என்று விட்டுவிட்டேன் அன்ரி என்றேன். அவர் திரும்பக் கடிதத்தில் குனிந்தார். ஈரத்தில் ஊதிய மரத்தை வெயில் படாத இடத்தில் வைத்து நாட்கணக்காகக் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும் என்று நான் எழுதிய இடத்தில் கன நேரம் நின்றார். அதற்கு வதனா 'நான் அவசரப்படேல்லை' என்று பதில் எழுதியிருந்தாள்.

கென்னும் ஒரு கடிதம் தந்தார்: இவன் தன் மனைவியைப் பற்றிப் பேசாத நாள் இந்தக் கடையில் இல்லை, பயத்தில்தான் தொழிலை மறைத்தான் என்று. எல்லாவற்றையும் கட்டி அனுப்புவதற்காகப் பெட்டியை வாங்கப் போன அன்று அன்ரி அதைத் தராமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். "முப்பது வருசம் கலியாணம் செய்து வாழ்ந்தனான். எனக்கொருத்தரும் இப்பிடி மரத்தைப் பற்றி எழுதேல்லை."

கடை வாசல்

அடுத்த வருடம் பங்குனியில் வதனா வந்தாள். நாங்கள் பிரிந்து ஐந்து வருடத்துக்கு மேல். விமான நிலையத்தில் இரண்டு பேரும் யாரோ எவரோ மாதிரி நின்றோம். ஜோசப் அண்ணைதான் அவளுடைய பெட்டியை வாங்கினார். நாலாம் நாள் வேலைக்கு வெளிக்கிட்டபோது தானும் வருகிறேன் என்றாள். எனக்குப் பெரிய சந்தோசம். அவளை உள்ளே கூட்டிவந்து, கென்னுக்குக் காட்டி, நான் நிற்கிற இடத்தில் நிற்க வைத்து, அந்த வால்நட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்! பஸ்சால் இறங்கிக் கண்ணாடிக் கதவுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே சுவர் முழுக்கத் துவக்குகள். அவளுடைய கை குளிர்ந்துபோயிற்று. கதவைத் திறந்து பிடித்தேன், அவள் அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பிப் போவோம் என்றேன், கென் ஒன்றும் சொல்லமாட்டார் என்றேன். வேண்டாம் என்றாள். பிழை முழுக்க என்னுடையது. நான் பிடங்கின் இந்தப் பக்கத்துக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது, அவள் வந்து நாலு நாள். கதவுக்கு வெளியே, வெயில் விழுந்த சுவரோரமாக, என் பெரிய கோட்டுக்குள் ஒடுங்கி நின்றாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இத்தனை வருடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவளை இப்போது பதினைந்து அடியில் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏக்கம் குறைந்துவிடும் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம்! ஒருவர் வந்து மரமா பிளாஸ்ரிக்கா என்று கேட்டார், ஓம் என்றேன். பொறுக்க முடியாமல் வெளியே ஓடிப்போய், இன்னும் எவ்வளவு நேரம் இப்படி நிற்கப்போகிறீர் என்று கேட்டேன். வதனா கோட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ. எனக்கு நிண்டு பழக்கம்தானே."

நான் போய் என் கோட்டை எடுக்கப் பார்த்து, அது அவளிடம் இருப்பது நினைவு வந்து, வெறும் சேட்டோடு அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்ட அந்த நாளில் ஒரு பிடங்குகூட விற்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு அதைவிட நல்ல வியாபார நாள் வந்ததில்லை.